துணி உறை

நிலக்கரிச் சுரங்கத் தூசியை அளக்க அரசு நிதி கொடுத்தது. தங்கவயல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெர்சிஸ், தொழிலாளர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ள இருபது கருவிகளை வடக்கே ஒரு சுரங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று மாதமும், கருவிக்குள் தூசி படியவேண்டிய வடிதாள்கள் அங்கிருந்து தபாலில் வெள்ளைவெளேரென்றே வந்தன. சந்தேகம் தட்டத்தான் செய்தது. கெடு நெருங்கினால் சந்தேகத்துக்கு ஏது நேரம்? தூசி அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறதென்று அறிக்கை அனுப்பிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்த பர்னபாஸ் கருவிகளைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். தங்கவயலில் ஸ்கெலட்டன் குடியிருப்புக்காரர், தங்கச் சுரங்கம் மூடியபின் அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் போர்மேன் ஆனவர். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு துணி உறை. வெளியே கன்னங்கரேலென்றிருந்தது. உள்ளே கருவி புத்தம்புதிதாக மின்னியது.

"இது இன்னா அங்கிள்?"

"வெல ஒசந்த மிஷினு, பச்சக் கொழந்த மாரி பாத்துக்கோங்கன்னு நீதானம்மா சொன்ன? எங்க வீட்ல தெச்சிக் குடுத்தாங்க. எல்லா ஷிப்ட்லயும் உறையோடதான் மாட்னோம். ஒரு பொட்டு தூசி உள்ள போவல."

பெருமையாகச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவள்தான் சொன்னாள். உடைந்தால் தன் தலையில் விடியுமே என்ற பயத்தில் விலையைச் சொன்னாள், சுவிட்சைக் காட்டினாள். கருவி எதற்கென்று மட்டும் சொல்லவில்லை.

"ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சாமே," என்றார் பர்னபாஸ். "அதான், தூசி அடங்க தண்ணி தெளிக்கறதகூட நிறுத்திட்டாங்க."