பழைய பதிப்பில் பரீட்சை

மார்ச் மாதம் பிறந்தாலே ஜோலீனுக்கு எரிச்சல். வரைபட மென்பொருளின் புதுப் பதிப்பு அந்த மாதம்தான் வரும். ஹாமில்டனில் அவள் வேலை பார்க்கும் பயிற்சி நிலையத்துக்கு, அத்தனை காணொளிப் பாடங்களையும் அவளேதான் மறுபடி பேசிப் பதிவு செய்ய வேண்டும். மேலே இருந்த பட்டனைப் பக்கவாட்டில் தள்ளியிருப்பார்கள். அளவு குறிக்கும் கட்டளை போன வருஷம் இருந்த இடம் இந்த வருஷம் காலியாக இருக்கும். ஏன் மாற்றினீர்கள் என்று யாரைக் கேட்பது? உட்கார்ந்த இடத்தில் எவனுக்கோ கை அரித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த முறை மேலாளர் கிரெக் வேறு ஒற்றைக் காலில் நின்றான். போட்டி நிலையம் புதுப் பதிப்பு சொல்லித்தருவதாக விளம்பரம் போட்டுவிட்டதாம், நாமும் உடனே மாற வேண்டுமாம். தொண்டை கட்டும்வரை பேசி ஜோலீன் பாடங்களை முடித்தாள். மாணவர்கள் குழம்புவார்கள் என்று பழைய பாடங்களை கிரெக் அழித்தே விட்டான். சான்றிதழ்ப் பரீட்சை நடத்துகிறவர்கள் எப்போதும் ஒரு பதிப்பு பின்தங்கித்தான் வருவார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஜோலீனுக்கும் தெரியும். வேலை மும்முரத்தில் இந்த முறை பரீட்சை எந்தப் பதிப்பில் என்று பார்க்கத்தான் தோன்றவில்லை.

மாட்டிக்கொண்டவர் வென்டல். ஐம்பதைத் தாண்டியவர், இரும்புப் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவர். இந்த மென்பொருளில் அவர் வாங்கிய சான்றிதழ் காலாவதியாகப் போகிறது. பரீட்சை எழுதிப் புதுப்பித்தால்தான் அடுத்த பால வேலைக்கான குழுவில் அவருக்கு இடம். வகுப்பில் பழக்கதோஷத்தில் அவர் கை பழைய இடத்துக்கே போகும். "அங்க இல்ல வென்டல், இந்தப் பக்கம்" என்று சொல்லிச் சொல்லியே ஜோலீன் அந்தப் பழக்கத்தை உடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை எழுதிவிட்டு அவர் நேரே நிலையத்துக்கு வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. திரையில் எல்லாமே பழைய பதிப்பாம். கை புது இடத்துக்கே போக, தேடித் தேடியே நேரம் தீர்ந்துவிட்டதாம். மறுபடி எழுத இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் குழுவில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"என் தப்புதான். எந்தப் பதிப்புன்னு நான் பாத்திருக்கணும்," என்றாள் ஜோலீன்.

வென்டல் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"இங்க வராம நேரா போய் எழுதியிருந்தா பாஸாயிருப்பேன், ஜோலீன்."

அவர் போனதும் அவள் கிரெக்கின் அறைக்குப் போனாள். வகுப்பில் மற்றவர்கள் வியாழக்கிழமை எழுதுகிறார்கள், இன்றே அவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றாள். சொன்னால் நிலையத்தின் பெயர் கெட்டுவிடும் என்று கிரெக் பயந்தான்.

"பாதிப் பேராவது எப்படியும் தேறிடுவாங்க. கண்டுக்காம விடு."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. தன் மேசைக்கு வந்து எல்லோருக்கும் எழுதினாள்: பரீட்சை பழைய பதிப்பில்தான், நான் சொல்லித்தந்தது உதவாது, நாளை காலை வாருங்கள்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டேதான். ஜோலீன் பழைய பதிப்பைத் திறந்தாள். முன்வரிசையில் இருந்த பெண் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"வென்டல் வரலையா? அவருக்குச் சொல்லலையா நீங்க?"

"அவருக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும்," என்றாள் ஜோலீன்.