குமரவேல் முடித்துவைத்த ஆட்டம்

குன்றுகளின் பின்னே கதிரவன் சாய, கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து எழுந்த நாரைகள் முத்துவடம்போல் வானில் நீள, மின்தொடர்வண்டிகளின் ஓசை தேய்ந்தும் வளர்ந்தும் காற்றில் மிதந்துவர, தாம்பரத்துச் செம்மண் திடலொன்றில் ஞாயிற்றுக்கிழமை மட்டைப்பந்தாட்டம் தன் இறுதியை நெருங்கிக்கொண்டிருந்தது.

வாரமெல்லாம் நோயாளரின் நாடிபிடித்து, ஞாயிறுதோறும் வெள்ளுடை பூண்டு மட்டைபிடிக்கும் மருத்துவர் அசரியா, ஓர் அணியின் தலைவர். தலை நரைக்கும்வரை ஆடியும் கோப்பையொன்றை ஏந்தியறியாதவர். அன்று அது கைக்கெட்டும் தொலைவில் நின்றது. களத்தில் இருந்தது கடைசி இணை: அவரும் அவர் அணியின் இளைஞன் குமரவேலும். சுழற்பந்துதானே என்று, வெக்கை தாளாமல் குமரவேல் தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தான். மண்டியிட்டு அவன் வீசிய மட்டையின் விளிம்பில் பட்டுத் தெறித்த தோற்பந்து நெற்றிப்பொட்டைத் தாக்க, வீழ்ந்தான். சற்றுநேரம் அசைவற்றுக் கிடந்து, பின் எழுந்து சிரித்தான்.

"இன்னா டாக்டர், மூஞ்சிய இப்பிடி வெச்சுகினு கீறீங்க? பந்துக்குதான் அடி, எனக்கில்ல!"

எதிரணித் தலைவர் சம்பத் ஓடிவந்தார். "சார், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. கப்பு எங்கயும் ஓடிடாது."

குமரவேல் வெளியேறினால் ஆட்டம் தோல்வியில் முடியும். அசரியா அவன் கண்மணிகளை நோக்கினார். தலையில் அடிபட்டு, மயங்கி, தெளிந்து, சிரித்து நிற்பவனுக்கே கூடுதலாக அஞ்ச வேண்டும், மண்டையோட்டினுள் குருதி ஓசையின்றிக் கசிந்துகொண்டிருக்கலாம் என்று இளைய மருத்துவர்களுக்கு ஓயாமல் உரைத்தவர் அவர். தம் மருத்துவமனையில் எனில் அக்கணமே தலையைப் படமெடுக்க அனுப்பியிருப்பார். திடலிலோ அவர் உதடுகள் வேறொன்று சொல்லின.

"நல்லாத்தான் இருக்கான். ஆடட்டும்."

மருத்துவரே சொன்னபின் மறுப்பாரில்லை. குமரவேல் இரண்டு பந்துகளை எல்லைக்கு விரட்டி வென்றான். தோளில் தூக்கிய தோழர்களின் ஆரவாரத்தில், தலைவலிக்கிறது என்று அவன் முணுமுணுத்தது எவர் செவியிலும் விழவில்லை. கோப்பை கைமாறுமுன்னே வாந்தியெடுத்துச் சரிந்தான். சாலை நெரிசலில் ஊர்தி ஊர்ந்தது. மடியில் கிடந்தவனின் கண்மணியொன்று விரிந்து நிலைகுத்தியதை அசரியா கண்டார். அறுவை அரங்கின் வாயிலை அடையுமுன் மூச்சு அடங்கிற்று.

கூடுவாஞ்சேரியிலிருந்து பதறி வந்த குமரவேலின் மனைவி ஸ்நேகா, அசரியாவின் கைகளைப் பற்றி விம்மினாள். "டாக்டர் அண்ணா, நீங்க கூடவே இருந்தீங்க. அது ஒண்ணுதான் ஆறுதல். உங்களை மீறி யாரு என்ன பண்ணியிருக்க முடியும்?"

அந்த நன்றியை ஏற்று வாய்மூடியிருந்தால் உலகம் அவரை ஒருநாளும் வினவியிராது.

"இல்லம்மா. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு சம்பத் அப்பவே சொன்னாரு. நான்தான் ஆட விட்டேன். ஜெயிக்கணும்னு."

அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கற்ற கல்வி அருகே நிற்க, விழைவு அதன் வாயைப் பொத்தும் பொழுது கண்ணிமைப்பினும் சிறிது. அப்பொழுதுக்குள் போன உயிரை, பின்பு சொல்லும் மெய் எதுவும் மீட்டுத் தருவதில்லை.