நாற்பத்தைந்து கிராம்

"நாப்பத்தஞ்சு கிராமா? ஒரே பக்கத்துலயா?"

"ஒரே பக்கத்துலதான்கா. அஞ்சு கிராம் வில்லை ஒம்போது ஒட்டினேன். அதுக்கப்புறம் சக்கரத்தை எப்படித் திருப்பி விட்டாலும் விட்ட எடத்துலயே நிக்குது. இவ்வளவு சுத்தமா ஒரு சக்கரம் என் கையில நின்னதே இல்ல."

"எந்தச் சக்கரம்?"

"மாமா வண்டியோட முன் சக்கரம்தான். காலையில ஆணி குத்திக் கொண்டு வந்தாரே. நீ பஞ்சர் ஒட்டி ஜன்னல்ல வச்சிருந்தியே."

அக்கா தோளில் மாட்டி வந்திருந்த புது டயரை இறக்காமல் அப்படியே நின்றாள். அவளுடைய கணவனின் வண்டிக்காகத்தான் அதை வாங்கி வந்திருந்தாள். கடை வாசலில் வண்டி நின்ற இடத்தில் இப்போது ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் இருந்தது.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கடை அது. நடுவில் ஒரு சுவர், சுவரில் கதவில்லாத ஒரு ஜன்னல். இந்தப் பக்கம் அவள் பஞ்சர் ஒட்டுவாள். ஒட்டிய சக்கரத்தை ஜன்னலில் வைத்தால் அந்தப் பக்கம் அவன் எடுத்து, இரும்புத் தாங்கியில் மாட்டிச் சுழல விடுவான். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். எதிர்ப் பக்கத்தில் ஈய வில்லைகளை ஒட்டி எடையைச் சமன் செய்வான். அவனுக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைத்ததே மாமாதான். "உன் தம்பி தும்மினாக்கூட ரெண்டு மூக்குலயும் சமமாத்தான் தும்முவான்" என்பார்.

காற்று அடிக்கும் கம்ப்ரசரின் இரைச்சலில் அங்கே பேச்சு எடுபடாது. அதனால் இருவருக்கும் நடுவே ஒரு சாக்பீஸ் மொழி உண்டு. டயரில் மஞ்சள் வட்டம் போட்டிருந்தால் வேலை முடிந்தது, எடை பார்க்கலாம். குறுக்கே இரண்டு கோடு போட்டிருந்தால் தொடக் கூடாது. பத்து வருடமாக அந்த மொழியில் ஒரு பிழைகூட வந்ததில்லை.

"டயர்ல குறுக்குக்கோடு போட்டிருந்தேனே, நீ பாக்கலையா?"

தராசு சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"மஞ்சளா ஏதோ வழிஞ்சிருந்துச்சு. சேறுன்னு நெனச்சேன். ஜன்னலுக்கு வந்தா ஒட்டி முடிச்சதுன்னுதானே? துடைச்சிட்டுத்தான் மாட்டினேன்."

"துடைச்சியா?"

"துடைக்காம நான் என்னிக்கு மாட்டியிருக்கேன்? தூசிக்கும் எடை இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சோப்புத் தண்ணீர் காயாத ரப்பரில் சாக்பீஸ் நிற்காது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆணி ஓட்டையை அடைத்து, காற்றடித்து, நுரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். டயரின் பக்கவாட்டில், நெல்லிக்காயில் பாதி அளவுக்கு ஒரு வீக்கம். காற்றுக் குறைந்த டயரோடு பள்ளத்தில் விழுந்திருப்பார். உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன. இனி அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர் தோல்தான். டயர் கடையைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பூட்டிவிடுவார்கள் என்ற அவசரத்தில் ஈர ரப்பரின் மேலேயே கோட்டைப் போட்டு, ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினாள். கெட்டுப்போன டயரில் காற்றை இறக்கிவிட்டுத்தான் நகர்வது வழக்கம். இன்று அதையும் செய்யவில்லை.

"நல்ல டயருக்கு எத்தனை கிராம் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"பத்து. மிஞ்சிப்போனா இருவது."

"நாப்பத்தஞ்சு கேட்டப்ப உனக்கு ஒண்ணும் தோணலையா?"

அவன் தன் விரல்களைப் பார்த்தான். ஒட்டிய வில்லைகளின் பசை இன்னும் நுனியில் இருந்தது. வீக்கம் உள்ள டயர் நாற்பது வேகத்திலேயே ஆடும். கைப்பிடி உதறும். எப்பேர்ப்பட்ட அசமந்தமும் வண்டியை ஓரம்கட்டிக் குனிந்து பார்ப்பான். அந்த உதறலைத்தான் அவன் ஒவ்வொரு வில்லையாக வைத்து அடக்கியிருந்தான்.

"எப்பக் கிளம்பினாரு?"

"முக்கால் மணி நேரம் இருக்கும். பாப்பாவ ஆறு மணிக்குள்ள ஹாஸ்டல்ல விடணும்னு பறந்தாரு. நானே சக்கரத்தை மாட்டிக் குடுத்தேன்."

பாப்பா. அவளும் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா டயரைக் கீழே போட்டாள். அது ஒரு முறை எம்பி, மெதுவாக உருண்டு போய்ச் சுவரில் சாய்ந்தது.

கணவனின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனை மழைக்கோட்டுக்கு அடியில், பைக்குள் போட்டுவிடுவது அவருடைய பழக்கம். ரொம்ப ஒழுங்கான மனுஷன். மூன்றாவது முறை அடித்து ஓய்ந்தபோதுதான் திரையில் அவருடைய குரல் செய்தி ஒன்று கிடப்பதைக் கவனித்தாள். கால் மணி நேரத்துக்கு முன்பு வந்தது. அப்போது அவள் டயர் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அதை ஒலிக்க விட்டாள். முதலில் காற்று. பிறகு அவர்.

"ஏய், லேட்டாக்கினதுக்கு உன் தம்பிய நல்லா வையணும்னு நெனச்சேன், மன்னிச்சுட்டேன்னு சொல்லு. வண்டி வெண்ணெயா வழுக்குது. எம்பதுலயும் கைப்பிடி ஆடல. பாப்பாவுக்குத் தண்ணி குடுக்க நிறுத்தினோம்."

பின்னாலிருந்து மகளின் குரல்: "அப்பா, இறக்கத்துல நூறு போங்கப்பா!"

"உங்கம்மா காதுல விழுந்தா தோலை உரிச்சிடுவா. சரி, பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு மலை இறங்குறோம். வச்சிடறேன்."

கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பித்தது. தராசு ஓடிப்போய் அதை அணைத்தான். அந்தக் கடை இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. தாங்கியில் வேறு யாருடைய சக்கரமோ சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"மலை உச்சி பங்க்தானே?" என்றான். "அங்க காத்தடிக்கிற காத்து அண்ணன் நம்பர் இருக்கு. நம்ம கடைக்கு ஆள் அனுப்புவாரே."

எண் ஜன்னலுக்கு மேலே சுவரில் எழுதியிருந்தது. அவன் ஒவ்வொன்றாகப் படிக்க, அவள் அழுத்தினாள். பங்கைத் தாண்டினால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டியின் எடை முழுவதும் முன் சக்கரத்தின் மேல்தான் விழும்.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"காத்து அண்ணன் இருக்காரா?"

"சாப்பிடப் போயிருக்காரு. போனை இங்க வச்சிட்டுப் போயிட்டாரு. நீங்க யாரு?"

"அவருக்குத் தெரிஞ்சவங்க, பஞ்சர் கடை. அம்மா, ஒரு கறுப்பு வண்டி வரும். முன்னால உயரமா ஒருத்தர், பின்னால பத்து வயசுப் பொண்ணு. மடியில நீலப் பெட்டி."

"நீலப் பெட்டியா? இருங்க, இப்பத்தான் பெட்ரோல் போட்டுட்டு..."

போனை எதன் மேலோ வைத்த சத்தம் கேட்டது. செருப்புகள் விலகிப் போயின. அப்புறம் வண்டிகள், ஹாரன்கள், யாரோ சில்லறை கேட்கும் குரல். அவற்றுக்கு அடியில் ஓர் என்ஜின் உயிர்பெற்றது. இரண்டு முறை உறுமி ஒரு முறை இருமும் என்ஜின். பத்து வருடமாக மாலையில் வாசலில் வந்து நிற்கும்போது அவள் கேட்டுவந்த சத்தம்.

அவள் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கேக்குதா? அந்த வண்டிதான். ஓடிப்போய் முன்னால நில்லுங்க. சாவியப் புடுங்கிடுங்க. என்ன சொன்னாலும் குடுக்காதீங்கம்மா, நான் வர்ற வரைக்கும் அந்தப் புள்ளைய மட்டும் கீழ இறக்கிப் பக்கத்துல வச்சுக்குங்க..."