வயது 54, எடை 74

"அனைத்து உறுப்பினர்களின் மேலான கவனத்திற்கு. நமது களஞ்சியத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமைப் புதிர் காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது. மூன்று நாள் துக்கம் அனுசரிக்கப்படும். இந்த மூன்று நாளும் சினை, சீம்பால், செரிமானம் உள்ளிட்ட எப்பொருள் குறித்தும் ஐயம் எழுப்ப வேண்டாம் என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இங்ஙனம், முனைவர் தாணுமாலயன், நிறுவனர், தலைவர் மற்றும் அட்மின்."

மாடுகளும் மூன்று நாள் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கலாம். அவற்றுக்கு வாட்ஸ்அப் இல்லை.

தென்காசி கால்நடை மருத்துவ அறிவுக் களஞ்சியம் என்பது ஒரு வாட்ஸ்அப் குழு. திங்கட்கிழமை காலைவரை அதில் நூற்று நாற்பத்து மூன்று கால்நடை மருத்துவர்கள் இருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு ஐந்தருவி ஏற்றத்தில், ஒரு பஜ்ஜிக் கடைக்காரரின் ஆட்டைப் பார்க்கப் போன டாக்டர் நல்லகண்ணு பாதி வழியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஆடு பிழைத்துக்கொண்டது.

அறிவிப்புக்கு அறுபத்தொரு பேர் கும்பிட்டிருந்தார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் கேக் படம் போட்டுவிட்டு உடனே நீக்கியிருந்தார். ஆய்க்குடிப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் இருக்கும் டாக்டர் நஸீபா எதுவும் போடவில்லை. அவள் முந்தின நாள் புதிரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை.

அதைச் சொல்லுமுன் குழுவின் நான்காம் விதியைச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் சங்கரன்கோவில் டாக்டர் ஒருவர் தனக்குச் சிறுநீரகக் கல் வந்திருப்பதாகக் குழுவில் எழுதப்போக, வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள், ஒரு சாமியார் என்று இருநூற்றுப் பதினான்கு செய்திகள் வந்து குவிந்தன. அந்தக் களேபரத்தில் யாரோ கேட்ட வெறிநாய்க்கடிச் சந்தேகம் அடியில் போய்விட்டது. தாணுமாலயன் வெகுண்டார். அன்றே விதி பிறந்தது: "இக்குழு நோயாளிகளுக்கு மட்டுமே. உறுப்பினர்களின் சொந்த உடம்பு, சொந்த மனம், சொந்தக் குடும்பம் ஆகியவை இங்கே அனுமதிக்கப்பட மாட்டா." மீறிய இருவர் ஒரு வாரம் வெளியே நின்றார்கள். அதற்குப் பிறகு களஞ்சியத்தில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போனதே இல்லை.

நல்லகண்ணு விதியை மதிக்கிறவர். அதாவது, குழுவில் எழுதாமல் நேரே போன் அடித்துவிடுவார். நஸீபா வேலைக்கு வந்த புதிதில் ஒரு பசுவுக்குக் கருப்பை முறுக்கிக்கொண்டு கன்று வரவில்லை. அவள் படத்தோடு குழுவில் கதறினாள். "அருமையான கேஸ் மேடம்" என்று முப்பது பேர் கைதட்டினார்கள். நல்லகண்ணு வீடியோவில் வந்தார்.

"ஏம்மா, அழுகைய அப்புறம் வச்சிக்கிடுவோம். எந்தப் பக்கம் முறுக்கியிருக்கு?"

"வலப்பக்கம் அண்ணாச்சி."

"அப்ப மாட்ட வலப்பக்கமே உருட்டு. நீ உருட்டாத, நாலு ஆளக் கூப்பிடு. நீயே ஒரு கன்னுக்குட்டி மாதிரிதான் இருக்க."

கன்று பிழைத்தது. அடுத்த வருடம் வேறொரு மாடு பிழைக்கவில்லை. மாட்டுக்காரர் மருந்தகத்து வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்தார். அன்று நல்லகண்ணு மருத்துவம் எதுவும் பேசவில்லை. "சாப்டியா?" என்றார். இல்லை என்றாள். "சாப்பிட்டுட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டார். அவள் சாப்பிட்டாள். அவரைத் திருப்பி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதில்லை. எல்லாரையும் கேட்கிறவரை யார் கேட்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமைப் புதிர் அவர் ஆரம்பித்தது. பத்து மணிக்கு ஒரு கேஸ் போடுவார். முதலில் சரியாகச் சொல்பவருக்கு ஒரு மதிப்பெண். அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு மாதக் கடைசிக் கூட்டத்தில் அரைக் கிலோ ரம்புட்டான் பழம். அவருடைய கட்டைவிரல் பருமன். போனில் எண்களைத் தட்டினால் ஒன்று பத்தாகும். ஒருதரம் ஆயிரத்து இருநூறு கிலோ எடையில் ஒரு வெள்ளாட்டை எழுதி மாவட்டத்தையே சிரிக்க வைத்தார். அதிலிருந்து, தப்பான எண்ணை முதலில் திருத்துபவருக்கு அரை மதிப்பெண் என்று ஒரு வழக்கம் வந்தது. நஸீபாவும், தென்காசியில் நாய் பூனைக்குக் குளிர்சாதன கிளினிக் வைத்திருக்கும் புவனேஷும் அந்த அரை மதிப்பெண்ணுக்குப் பிறவிப் பகைவர்கள்போல் அடித்துக்கொள்வார்கள்.

கடைசிப் புதிர் இது:

"புதிர் 87. ஆண். வயது 54. எடை 74 கிலோ. மூன்று நாளாகத் தீனி பாதி. மேடு ஏறினால் நின்றுவிடுகிறது. இடது முன்னங்காலில் கனம். மார்பைத் தொட்டால் முனகல். வியர்வை. தனியே போய் நிற்கிறது. மேதைகளே, என்ன செய்யலாம்?"

மாட்டு வைத்தியம் படித்த யாருக்கும் இது கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கேஸ். வைக்கோலோடு கம்பித் துண்டையோ ஆணியையோ மாடு விழுங்கிவிடும். அது வயிற்றில் தங்கி, பக்கத்திலிருக்கும் இதயத்தைக் குத்தும். மாடு மேடேறாது, முனகும், வியர்க்கும். வயிற்றுக்குள் ஒரு காந்தத்தை இறக்கிக் கம்பியைப் பிடித்துவைப்பார்கள்.

பத்து மணி ஒரு நிமிடத்துக்கு நஸீபா எழுதினாள்: "கம்பி. இதயத்தைத் தொட்டுவிட்டது. காந்தம் போடவும். திருத்தம்: வயது 5.4, எடை 274 என்று இருக்க வேண்டும் அண்ணாச்சி."

இருபது விநாடி பிந்திய புவனேஷ், "மேடம் போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை விடியுது" என்று புகைந்தான். மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் பேர் கம்பி என்றார்கள். ஒருவர் காந்தம் மொத்தவிலையில் கிடைக்கும் இடத்தைப் போட்டார். எந்த இனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணாச்சி வழக்கம்போல் எழுத மறந்திருப்பார், மாடுதானே.

நல்லகண்ணுவின் பதில் மாலையில் வந்தது: "திருத்தத்துக்கு நன்றி."

மூன்றாம் நாள் நஸீபா குற்றாலத்தில் அவர் வீட்டுக்குப் போனாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி முருகம்மாள் கூடத்தில் ஈரத்துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நஸீபா அருகில் உட்கார்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான நஸீபா? ஒன்னப் பத்தித்தான் அன்னைக்குப் பூரா பேச்சு."

"என்ன மதினி சொன்னாவ?"

"மூணு நாளா நெஞ்சு கனமா இருக்குன்னுட்டு இருந்தாவ. ஆஸ்பத்திரிக்குப் போவமின்னா, மனுச டாக்டர்ட்டப் போனா நாலு கேள்வி கேப்பான், நான் எங்க ஆளுகள்ட்டயே கேட்டுக்கிடுதேன்னு போன எடுத்தாவ. பொறவு ஒவ்வொண்ணா எனக்குப் படிச்சுக் காட்டுதாவ. சிரிப்பாணி அடக்க முடியல. எல்லாப் பயலும் கம்பிங்கான்ட்டீ, நான் எப்பம்ட்டீ கம்பி தின்னேன், ஒன் இடியாப்பமாத்தான் இருக்கும்னாவ."

முருகம்மாள் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் வந்து நின்றது. நஸீபாவுக்கு உறுத்தியது என்னவென்று இப்போது தெரிந்தது.

"பாருட்டீ, இந்த நஸீபா பிள்ள என் வயச அஞ்சாக்கிட்டான்னு சந்தோசம் வேற. சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரின்னு நான் ஆரம்பிச்சேன். நூத்தி நாப்பத்திரண்டு டாக்டரு பாத்தாச்சி, ஒருத்தனும் மனுசன்னு சொல்லல, நாளைக்குப் பாப்போம்னு படுத்துட்டாவ."

உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்தாள். அரைக் கிலோ ரம்புட்டான். "ஒனக்குன்னு அன்னைக்கே வாங்கி வச்சாவ. கொண்டு போ."

நஸீபாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஆய்க்குடி பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கைக் குழந்தை ஒன்று கேட்டது. எட்டுப் பத்தைக் கொடுத்தாள். அவள் ஒன்றும் தின்னவில்லை.

அன்றே தாணுமாலயனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் இதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றாள்.

மறுமுனை கொஞ்சநேரம் செருமியது. "நஸீபா, இதை நாம உணர்ச்சிவசப்படாம அணுகணும். குழு என்ன சொல்லுச்சு? இதயம்னு சொல்லுச்சு. அவர் எதுல போனார்? இதயத்துல. உறுப்பு சரிதானேம்மா."

"சார், நாங்க காந்தம் போடச் சொன்னோம்."

"சிகிச்சையில கருத்து வேறுபாடு எப்பவும் உண்டு. தவிர, அவர் நான்காம் விதிய மீறியிருக்கார். இறந்தவர்ங்கிறதால நடவடிக்கை எடுக்கல. அதோட விடுங்க."

விடவில்லை. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. நல்லகண்ணுவின் படம், அவர் ஒருநாளும் போடாத கோட்டோடு, பேனரில் சிரித்தது. தாணுமாலயன் நாற்பது நிமிடம் பேசினார். அதில் பன்னிரண்டு நிமிடம் நல்லகண்ணுவைப் பற்றியது.

நஸீபா மேடையேறினாள். எழுதிக் கொண்டுவந்ததை மடித்து வைத்துவிட்டு போனை எடுத்துப் புதிரைப் படித்தாள். மெதுவாக, அவர் எழுதியபடியே. ஆண். வயது ஐம்பத்து நான்கு. எடை எழுபத்து நான்கு. மேடு ஏறினால் நின்றுவிடுகிறது. தனியே போய் நிற்கிறது. கடைசியில் ஒரு வரி மட்டும் அவளுடையது: "இனம், மனிதன். கேட்டது நம்ம அண்ணாச்சி. பதில் சொன்னது நான்."

புவனேஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். முன்வரிசையில் முருகம்மாள் மட்டும் அவளைப் பார்த்து, எதற்கு இப்படி அழுகிறாய் என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு அவளும் அழுதாள். தாணுமாலயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே துடைத்தார், மனிதரைக் குறை சொல்ல முடியாது.

அவர் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். குரல் உடைந்திருந்தது. இனி நம்மில் ஒருவரும் தனியே போய் நிற்கக்கூடாது என்றார். களஞ்சியத்தின் உறுப்பினர்கள் தங்கள் உடல், மன வேதனைகளைத் தயங்காமல் பகிர்ந்துகொள்ள, நல்லகண்ணு நினைவாக ஒரு தனிக் குழு அந்த மேடையிலேயே தொடங்கப்படும் என்றார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். நூற்று நாற்பத்திரண்டு போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின.

குழுவின் பெயர், 'மனம் திறப்போம்'. முகப்பில் நல்லகண்ணு கோட்டோடு இருந்தார்.

வீட்டுக்கு வந்து நஸீபா விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்தாள். ஏழு நாளாகச் சோறு இறங்கவில்லை, ஒரு மாட்டுக்கு ஊசி போடப் போனால் எடையை நாலு தடவை சரிபார்க்கிறேன், அந்தத் திருத்தத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பாரா, யாராவது சொல்லுங்கள். இவ்வளவையும் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு புதுக் குழுவைத் திறந்தாள்.

அந்தக் குழுவில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.