உப்புக் கிடங்கில் பார்த்த முகம்

உப்புக் கிடங்கின் நிலவறையிலிருந்து ஏறி வந்த நாள் முதல் தாமோதரன் சவரிநாதனுக்கு முதுகைக் காட்டுவதே இல்லை.

இருவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள். ஒன்பது வருடக் கூட்டாளிகள். காத்து கருப்பு என்று எங்கே பயம் கிளம்பினாலும் ராயபுரத்தில் தாமோதரனைத்தான் கூப்பிடுவார்கள். மூட்டைக் கொக்கியால் அடிப்பது அவன், பேரும் அவனுக்குத்தான். பின்னால் விளக்கும் கயிறும் பிடித்து நிற்பவன் சவரிநாதன். சிரிக்க மாட்டான், கேட்டதற்கு மேல் பேச மாட்டான்.

1967 சித்திரையில் அந்தப் பழைய கிடங்கில் இரண்டு கூலியாட்கள் காணாமல் போனார்கள். பிறகு அவர்களே வாசலில் நின்று மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்ததாகக் காவல்காரன் சொன்னான். ஆளை விழுங்கி, பார்த்த முகத்தையெல்லாம் போட்டுக்கொள்ளும் ஏதோ ஒன்று. தாமோதரனும் சவரிநாதனும் போனார்கள். கயிறு அறுந்து தாமோதரன் நிலவறைக்குள் விழுந்தான். அரை மணி நேரம் கழித்துத் தானே ஏறி வந்தான்.

"முடிஞ்சிச்சு" என்றான்.

அதன்பின் சவரிநாதன் நீட்டிய டீயை அவன் குடிக்கவில்லை. மூட்டை தூக்கும்போதும் பின்னாலேயே வந்தான். ஒருநாள் சவரிநாதனின் மனைவி ஃப்ளோரன்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உன் தோஸ்து வந்தாரு. நீ சரியா துன்றியா, கோயிலுக்குப் போறியான்னு கேட்டாரு. இன்னா விஷயம்?"

சவரிநாதனுக்குச் சந்தேகம் வந்தது. ஏறி வந்தது தாமோதரன்தானா? மறுநாளிலிருந்து அவனும் இடுப்பில் கொக்கியைச் செருகிக்கொண்டான்.

ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு மத்தியானம், ரயில் பாதையோரம் சவரிநாதன் தாமோதரனை மறித்தான்.

"யாரு நீ?"

தாமோதரனின் கை கொக்கிக்குப் போனது. "அத்த நான் கேக்கணும். கீழ உன்னப் பார்த்தேன். 'தாமு, கை குடு'ன்னே. அடிச்சேன். தண்ணியில முழுவிப் பூட்டே. மேல வந்தா நீ விளக்கோட நின்னுகினு கீறே. நான் அடிச்சது எத்த?"

சவரிநாதன் கிடங்குப் பக்கம் திரும்பினான். "வா, போய்ப் பார்ப்போம்" என்றான்.

நிலவறையில் முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். மேலே உடைந்த ஓட்டின் வழியாக வெயில் விழுந்தது. தூண் மறைவிலிருந்து இன்னொரு சவரிநாதன் வந்தான். அதே சட்டை, அதே தாடி.

"தாமு, ஒரு மாசமா கீழ கெடக்கிறேன்டா! அவன நம்பாதே! ஃப்ளோரன்ஸ் எப்பிடி கீறா?" என்று கதறி அழுதான்.

தாமோதரன் கொக்கியை ஓங்கியபடி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். சவரிநாதன் தன் கொக்கியைத் தண்ணீரில் போட்டான்.

"எனக்கு நிரூபிக்கத் தெரியாது. யாரை அடிக்கணுமோ அடி" என்றான்.

"தாமு! என்னக் கொன்னுடாதேடா!" அழுதவன் காலில் விழப் போனான்.

கொக்கி அவன் கழுத்தில் இறங்கியது. ரத்தம் வரவில்லை. முகம் கரைந்து, உடம்பு கரைந்து, சட்டை மட்டும் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

வெளியே வந்ததும் தாமோதரன் தரையில் உட்கார்ந்து அழுதான். "நீ கெஞ்சுற ஆளே இல்ல சவரி. இன்னிக்கு அத்த வெச்சித்தான் கண்டுபுடிச்சேன், அன்னிக்கு அது தோணல. இருட்டு. பயந்துட்டேன்."

"சரி, எழுந்திரு."

ஆடியில் எண்ணூரிலிருந்து ஒருவன் வந்து, அங்கே ஒரு காத்து கருப்பை விரட்டத் தாமோதரனைக் கூப்பிட்டான். தாமோதரன் சவரிநாதனைத் தேடி வந்தான்.

"நான் வரல" என்றான் சவரிநாதன். "சரியாத்தான் அடிச்சே. ஆனா அடிக்கிறதுக்கு முன்ன, என் கழுத்தையும் ஒரு தபா அளந்தே. அத்த நான் பார்த்தேன்."

தாமோதரன் எண்ணூர்க்காரனைத் திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகு எந்தக் கூப்பாட்டுக்கும் அவனும் போகவில்லை.