நாலடிப் பாதை

கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்ட ஒரு டிராக்டர் வாங்குவதென்று சர்ச்சின் பங்குக் கமிட்டி முடிவு செய்தபோது, எந்த அளவு வண்டி சரிப்படும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு லூயிஸிடம் வந்தது. திருவொற்றியூரில் ஒரு ஏக்கர்கூட இல்லாத அந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குழி வெட்டுகிறவன் அவன்தான். மணலுக்குக் கீழே யாரோ எப்போதோ கொட்டிய உலைக் கசடு பாறையாக இறுகிக் கிடக்கும். கடப்பாரை போட்டுப் போட்டு அவன் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனியும் குனிந்து வேலை செய்தால் கால் விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாதை நாலடி. அவன் மனைவி ஜூடி டேப் பிடித்து இரண்டு முறை அளந்தாள். பதினெட்டு ஹெச்பி மினி டிராக்டர் மூன்றடி அகலம், போய் வரும். முப்பது ஹெச்பி என்றால் ஐந்தடி. அதற்குப் பாதையை அகலமாக்க வேண்டும். ஒரு பக்கம் சிமென்ட் கல்லறைகள். மறுபக்கம் மதிலோரமாகக் குழந்தைகளின் வரிசை, கல் வைக்காத ஆறு மண்மேடுகள். மூன்றாவது அவர்களுடையது. ஒன்பது நாள் உயிரோடிருந்த பெண் குழந்தை.

"சின்னதே போதும்னு சொல்லு. நீதான ஓட்டப்போற, உன் பேச்சதான் கேப்பாங்க," என்றாள் ஜூடி.

"சொல்றேன்."

சனிக்கிழமை சின்ன வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்தார்கள். பாதையில் சுலபமாக நுழைந்தது. கோடியிலிருந்த காலியிடத்தில் நிறுத்தி, பின்னாலிருந்த தோண்டும் கையை லூயிஸ் மண்ணில் இறக்கினான். மணல் வந்தது. இரண்டடிக்குக் கீழே கசடில் பல் மாட்டியதும் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. மறுபடி இறக்கினான். மறுபடியும் எழும்பின. வண்டிக்கு எடை பத்தவில்லை.

கமிட்டிச் செயலாளர் ரெஜி கிட்டே வந்தார். "இன்னா லூயிஸ், இது சரிப்படுமா? மீதிய கடப்பாரையில பாத்துக்குவியா?"

ஜூடி மதிலோரம் நின்றிருந்தாள். லூயிஸ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பத்தாது சார். பெருசுதான் வோணும்."

வீட்டில் அவள் சோறு போட்டாள். அவனே ஆரம்பித்தான். "என்னால குனிய முடில ஜூடி."

"தெரியும். தெரிஞ்சிதான் உன்னாண்ட கேட்டேன்."

பெரிய வண்டி வருவதற்கு முந்தின வாரம் அந்த ஆறு மேடுகளையும் லூயிஸே மண்வெட்டியால் வெட்டிச் சமமாக்கினான். வேறு ஆள் வைக்கிறேன் என்று ரெஜி சொல்லியும் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கூடை மண் எடுத்து மூலையில் ஒரே குழியில் போட்டு மூடினான். பங்குச் சாமியார் ஜெபம் சொன்னார். சாயங்காலம் நிமிர முடியாமல் தரையில் குப்புறக் கிடந்தவனுக்கு ஜூடி தைலம் தேய்த்தாள்.

"எதுனா இருந்துச்சா?"

"மண்ணுதான்."

அவள் தைலத்தை இன்னும் கொஞ்சம் கையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு தேய்த்தாள்.

இப்போது முக்கால் மணி நேரத்தில் குழி தயாராகிவிடுகிறது. கல்லறைத் திருநாளன்று ஜூடி பூவோடு வந்தாள். பாதை நெடுக டயர் தடம். மூன்றாவது மேடு எங்கே இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பூவை லூயிஸ் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனாள்.