முதல் மொட்டை

மகன் வளவனின் தலையைத் தடவ வந்த பெரியப்பாவின் கையைத் தமிழ்செல்வி தட்டிவிட்டாள். வலிக்கும்படி ஒன்றும் தட்டவில்லை. ஆனாலும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது? தொட்டாக் கூடத் தப்பா?" என்றார் ராஜேந்திரன் பெரியப்பா.

"முடி மேல கை வெக்காதீங்க. அவ்ளோதான்."

"வேற யாரு இருக்காங்கன்னு நீயே சொல்லு. பலராமனுக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? நான் பெரியவன், நான் கொள்ளி வெக்கக் கூடாது. என் பையன் வெக்கலாம்னா மருமவ அஞ்சு மாசம் முழுகாம இருக்கா. தங்கச்சி புள்ளதான் மிச்சம். கொள்ளி வெக்கறவன் முடியோட போவ முடியுமா?"

தமிழ்செல்வி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவள் அண்ணன் படுத்திருந்தான். நாற்பத்துநாலு வயது. ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு சின்ன ஓட்டலில் சமையல் வேலை. நேற்று மத்தியானம் காய் நறுக்கிக்கொண்டே சாய்ந்துவிட்டான். பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் வாடகைக்கு இருந்த ரூமுக்கு உடம்பைக் கொண்டுவர வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே கெஸ்ட் தங்கியிருக்கிறார்களாம். அதனால் தங்கை வீட்டுக்கு வந்திருந்தான்.

எதுதான் சரியாக நடந்தது? இன்றைக்கு மாசிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டைத் திருப்பிவிட்டதில் ஐஸ் பெட்டி வண்டி இரண்டு மணி நேரம் எங்கேயோ மாட்டிக்கொண்டது. மூன்று மணிக்கு மேல் தெருமுனையில் தடுப்பு போட்டுவிடுவார்கள், அதற்குள் எடுத்துவிடுங்கள் என்று போலீஸ்காரர் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனார். பந்தல்காரர் கம்பு நட்டு முடித்ததும் அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஞாயித்துக்கெழமைக்கும் சொல்லியிருந்தீங்களேம்மா. இதையே விட்டுடட்டுமா, பிரிச்சிட்டுத் திரும்பப் போடணுமா?"

ஞாயிற்றுக்கிழமை வளவனுக்கு மொட்டை, காதுகுத்து. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. மூன்று வயதில் முதுகு வரை வந்துவிட்டது. இரண்டு சடை போட்டுவிட்டால் தெருவில் போகிறவர்கள் "பாப்பா பேரென்ன?" என்று கேட்பார்கள். பல் முளைத்தது, நடந்தது, பால்வாடிக்குப் போனது எல்லாம் தாமதமில்லாமல் நடந்தன. இது மட்டும்தான் நின்றது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் மொட்டை எடுக்க வேண்டும். தாய்மாமனுக்கோ நேரமே இல்லை. மார்கழிக்கு முன்னால் நாள் குறித்தபோது சீசன், லீவு தரமாட்டார்கள் என்றான். தை மாதம் குறித்தபோது நெஞ்சு எரிகிறது, கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் சிரிப்பான்.

முந்தாநாள் போனில் அவள் கத்தினாள். "இந்த வாட்டியும் வரலன்னா வுட்டுடு. உன் மடியே என் புள்ளைக்கு வேணாம்."

"வரேன் தமிழு. லீவு சொல்லிட்டேன். கத்தாத, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. காலையிலிருந்து வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலை ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறவனிடம்தான் காட்ட வேண்டும். அவனோ மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தான்.

அவள் கணவன் மணிவேல் பந்தல் கம்பில் சாய்ந்து நின்றிருந்தான். காலையிலிருந்து நாற்காலி போட்டான், தண்ணி கேன் தூக்கினான், மாலை வாங்கி வந்தான். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் மட்டும் அவனுக்கு வேறு வேலை வந்துவிடும்.

"என்னங்க, நீங்க எதுனா சொல்லுங்களேன்."

"பெரியவங்க பேசறாங்க இல்ல. பாக்கலாம் இரு."

"எப்ப பாக்கறது? செரைச்சப்புறமா?"

அவன் செல்போனை எடுத்து நேரம் பார்த்தான்.

பெரியப்பா விடவில்லை. "எப்படியும் எடுக்கற முடிதானம்மா? மூணு நாளு முன்னாடி எடுக்கறோம். மாமனுக்காக எடுத்ததா இருக்கட்டும். அவன் ஆத்மா குளிரும்."

"அது நல்லதுக்கு வளத்த முடி, பெரிப்பா. எம்புள்ளைக்கு மொத மொட்டை சாவுக்கா எடுக்கணும்? நாளைக்கு அவன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அப்போ உங்கண்ணன் கொள்ளியில்லாம போவட்டுமா?"

பெண்களில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். வாசலில் மேளம் அடிப்பவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் புங்க மரம் புதுசாகத் துளிர்த்து, வெயிலில் இலையெல்லாம் எண்ணெய் தடவியது மாதிரி மின்னியது. மணி ஒன்று.

முடி எடுக்கிறவர் வந்து பந்தலின் ஓரத்தில் துண்டை விரித்துப் பெட்டியைத் திறந்தார். கத்தியில் புது பிளேடைப் பொருத்திக்கொண்டே, "யாருக்குங்க மொட்டை?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறப்பதற்குள் வளவன் அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். மொட்டை என்ற சொல் அவனுக்குத் தெரியும். வேலைக்கு நடுவே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பலராமன் அவனை மடியில் உட்கார வைத்துத் தலையில் கையால் வழித்துக் காட்டுவான். பிறகு காது மடலைக் கிள்ளி "டிக்" என்பான். "அழுதியா?" "அழல!" உடனே ஒரு பிஸ்கட்.

"எனக்குத்தான் மொட்டை. அழமாட்டேன்" என்று சொல்லியபடி பிள்ளை துண்டின் அருகே போய் நின்றான். உட்காரவில்லை. சுற்றிப் பார்த்தான். பிறகு கூடத்துக்குள் ஓடிப் போய் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் தட்டினான்.

"மாமா, ஏந்துரு. வா, மடி."

பெட்டியின் மோட்டார் உறுமியது. பின்னாலேயே வந்த தமிழ்செல்வி பெட்டியின் அருகே உட்கார்ந்துவிட்டாள்.

மணிவேல்தான் உள்ளே வந்தான். பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினான்.

"நான் வெக்கறேன்" என்றான்.

"நீயா?" பெரியப்பா எழுந்துவிட்டார். "மச்சான் முறைப்பா நீ. அதுவுமில்லாம உங்கப்பா அம்மா ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க. அவங்க ஒத்துக்குவாங்களா?"

"அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். மணி ஆவுது, ரோட்டை அடைச்சிடுவான். புள்ளைய இந்த வெயில்ல சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போய், ஜுரம் வந்தா யாரு பாக்கறது?"

போய்த் துண்டின் மேல் உட்கார்ந்தான். தண்ணீர் தெளித்ததும் குனிந்துகொண்டான்.

இதைக் காலை ஒன்பது மணிக்கே சொல்லியிருக்கலாம் என்று தமிழ்செல்வி நினைத்தாள். நான்கு மணி நேரம் ஒருத்தியாய் நின்று கத்தியிருக்க வேண்டாம். அவன் பின்னங்கழுத்தில் கத்தி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீசையும் போனபின் அவன் திரும்பியபோது வளவன் யாரோ என்று பயந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இரண்டரைக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்த மணிவேலின் தலை வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேளச் சத்தம் செங்கம் ரோட்டின் பக்கம் போய்க் கூட்டத்தின் இரைச்சலில் கலந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதற்குள் கட்டிப்பிடித்துக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் வீட்டைக் கழுவப் போயிருந்தார்கள்.

பின்பக்கத் தொட்டியில் பெண்கள் ஒவ்வொருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். தமிழ்செல்வியும் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு கல்லில் உட்கார்ந்தாள். வளவன் டவுசரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தான். போன வாரம் வரை அவனுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், தெருவே கேட்கும்படி கத்துவான். இப்போது அவனாகவே மக்கில் தண்ணீர் மொண்டு இரண்டு கையாலும் தூக்கினான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையில் கவிழ்த்தான். மூச்சுத் திணறி, வாயைத் திறந்து, பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ம்மா, நானே ஊத்திக்கினேன்."

"ம்."

"நீ பாக்கல. இன்னொரு வாட்டி."

அவள் மக்கை வாங்கி, தொட்டியில் முக்கி, பாதி நிரப்பி அவனிடம் கொடுத்தாள்.